ஜிகி டோநட் வாங்கிய சனிக்கிழமை

சனிக்கிழமைகளில் காப்பிக்கடையில் நாங்கள் கூடும் மேஜைக்கு ஒரே ஒரு சட்டம்தான். பழைய காரைப் பற்றி யார் தப்பாக ஒரு தகவல் சொல்கிறாரோ, அவர் அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் டோநட் வாங்க வேண்டும். அரசியல், பேஸ்பால், பக்கத்து வீட்டு விவகாரம் எதைப் பற்றி வேண்டுமானாலும் வாய்க்கு வந்ததை அளக்கலாம், கேட்க ஆளில்லை. கார் என்று வந்துவிட்டால் மட்டும் யோசித்துத்தான் வாயைத் திறக்க வேண்டும். மிச்சிகனில் எங்கள் ஹாம்ட்ராம்க் ஊரில் பாதிப் பேர் வீட்டு அடுப்பு எரிந்ததே கார் தொழிற்சாலைகளால். எங்களுக்கு அது விளையாட்டு இல்லை.

நான் ஹாலினா. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அந்த மேஜையில் நான் ஒருத்திதான் பெண். என்னிடம் இருப்பது ஒரு ராம்ப்ளர், குளிர்சாதனப்பெட்டியும் செய்த கம்பெனியின் கார். அதைக் கார் என்று ஒப்புக்கொள்ளவே இந்த ஆண்களுக்குச் சில வருஷம் பிடித்தது. இன்றைக்கும் நான் வந்து நிறுத்தினால், "ஹாலினா, உன் குளிர்சாதனப்பெட்டிய வெயில்ல நிறுத்தாதே, பால் திரிஞ்சுடும்" என்பார்கள். நானும் விடமாட்டேன். என் வண்டி ஓடுகிறது, உங்கள் வண்டிகள் போர்வைக்குள் தூங்குகின்றன என்பேன்.

நான் சொல்ல வந்தது ஜிகியைப் பற்றி. முழுப்பெயர் ஜிக்மண்ட் வோய்டாஸ். மெலிந்த ஆள், காது மட்டும் பெரிது. அந்த மேஜையில் ஒருநாளும் டோநட் வாங்காதவன் அவன் ஒருவன்தான். கஞ்சத்தனம் இல்லை. அவன் தப்பாக எதுவும் சொன்னதே இல்லை.

டென்னஸியிலிருந்து வேலை தேடி வந்து இங்கேயே தங்கிவிட்ட ஆர்வில் என்று ஒருவர் எங்களிடம் இருக்கிறார். அவருக்கு எல்லாம் தெரியும்; அவரிடம் கேட்டால் அவரே சொல்வார். ஒருநாள் புதிதாக வந்த ஒருவரைப் பார்த்துக் கேட்டார்: "எட்செல் வண்டியில கியர் எங்க இருக்கும், சொல்லுங்க பார்ப்போம்?" அந்த ஆள் முழித்தார். ஆர்வில் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "ஸ்டியரிங்குக்கு நட்ட நடுவுல, பட்டனா இருக்கும்!" என்றார்.

ஜிகி காப்பியிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டான்: "எந்த வருஷத்து எட்செல்?"

"எட்செல்னா எட்செல்தான்யா. அதுல என்ன வருஷம்?"

"ஐம்பத்தெட்டுல மட்டும்தான் ஸ்டியரிங்ல பட்டன் வந்துது. அடுத்த வருஷமே எடுத்துட்டாங்க. எனக்கு சாக்லேட் தடவினது ஒண்ணு, ஆர்வில்."

ஆர்வில் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த வாரம் ஒரு பெட்டி வாங்கி வந்தார். இப்படித்தான் எப்போதும் நடக்கும். கிரைஸ்லரில் கிராமபோன் தட்டு ஓட்டும் பெட்டி வைத்தது எந்த வருஷம், நாஷ் காரின் இருக்கையை மடக்கினால் கட்டிலாகிறதே அதற்குப் பயந்து எந்தெந்த அப்பன்மார் பெண்ணை அனுப்ப மறுத்தார்கள், எல்டொராடோ புரோம் கார் வாங்கினால் வாசனைத் தைலக் குப்பியும் காந்தம் வைத்த டம்ளரும் கூடவே வருமா என்று எதைக் கேட்டாலும் ஜிகியிடம் பதில் இருக்கும். சத்தம் போட மாட்டான், பெருமையடிக்க மாட்டான். அதுதான் ஆர்விலுக்கு இன்னும் எரிச்சல்.

இத்தனையும் அவனுக்கு எப்படித் தெரிந்தது? ஒரு காரைத் தேடப்போய்த் தெரிந்தது.

ஜிகியின் அக்கா பெர்னாடெட். வீட்டில் பெர்னி. அம்மா சீக்கிரம் போய்விட்டாள். அப்பா பேக்கரி வேன் ஓட்டியவர், விடியும் முன்பே கிளம்பிவிடுவார். ஜிகியைத் தூக்கி வளர்த்தது, சோறு போட்டது, காதைத் திருகியது எல்லாம் பெர்னிதான். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஒரு பட்டறையில் அவளுக்கு வேலை. அவளே சம்பாதித்து, இரண்டாம் கையாக ஒரு ஐம்பத்தாறாம் வருஷத்து ஷெவ்ரோலே வாங்கினாள். எங்கள் தெருவில் தன் பெயரில் கார் வைத்திருந்த முதல் பெண் அவள். நான் அப்போது சின்னப் பெண். அவள் ஸ்டியரிங்கில் ஒரு கையும் ஜன்னலில் ஒரு கையும் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்துத்தான் எனக்கும் பெரிய வண்டி ஓட்டும் ஆசை வந்தது. இதை நான் ஜிகியிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்பவன் மாதிரி கேட்பான்.

அந்த ஐம்பத்தாறு மாடலில் பெட்ரோல் ஊற்றும் வாய் வெளியே தெரியாது. இடது பின்விளக்கு அப்படியே மடிந்து திறக்கும், அதற்குள் இருக்கும். பெட்ரோல் போடும் பையன்கள் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார்களாம். பெர்னி உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டே, "போடா, போய்க் காட்டு" என்று தம்பியை அனுப்புவாளாம். ஜிகி குதித்து இறங்கி விளக்கை மடித்துக் காட்டுவான். பெரியவர்களுக்குத் தெரியாதது தனக்குத் தெரிகிறது என்ற ருசி அவனுக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

அந்த வண்டிக்கு இரண்டு ஹாரன். ஒன்று கனத்த குரல், ஒன்று மெல்லிய குரல். இரண்டும் சேர்ந்து ஒலிக்க வேண்டும். எங்கள் ஊர்க் குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் கொட்டும் உப்பு எதையும் தின்றுவிடும். மெல்லிய ஹாரனைத் தின்றுவிட்டது. அப்பாவின் பழைய பேக்கரி வேனை அந்த வருஷம்தான் உடைக்கப் போட்டார்கள். பெர்னி அதிலிருந்து ஹாரனைக் கழற்றி வந்து தன் காரில் மாட்டிவிட்டாள். மாடும் வாத்தும் சேர்ந்து கத்தினால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு சத்தம். தெருவே சிரித்தது. அவள் கவலைப்படவில்லை.

தினமும் வேலை முடிந்து பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்து அந்த ஹாரனை அடிப்பாள். படியில் உட்கார்ந்திருக்கும் ஜிகி எழுந்து, மற்றப் பையன்களைப் பார்த்து, "எனக்கு வண்டி வந்துடுச்சு" என்பான். சொல்லிவிட்டு மெதுவாக நடப்பானாம். ஓடினால் கெத்து போய்விடும் அல்லவா.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் பெர்னியின் இதயத்தைக் கெடுத்து வைத்திருந்தது. யாருக்கும் தெரியாது. ஒரு மார்ச் மாதம் தையல் மிஷின் முன்னாலேயே சரிந்துவிட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ஜிகியை நடந்து வீட்டுக்கு வரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவன் பாட்டுக்குப் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்திருப்பான். இருட்டியபின் பக்கத்து வீட்டுக்காரர் யாராவது போய்க் கூட்டி வருவார்கள். பெர்னி திரும்பி வரவில்லை. அடக்கம் முடிந்த வாரமே அப்பா காரை விற்றுவிட்டார். வாசலில் அது நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை. யாரிடம் விற்றார் என்று கேட்டதற்கு, "யாரோ ஒருத்தன்" என்றார். சாகும்வரை அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துக்கம் அவருக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட்டார் அந்த மனுஷன். எனக்கு அவர்மேல் இன்றைக்கும் கோபம்தான்.

ஜிகி பெரியவனானதும் நகராட்சித் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலைக்குச் சேர்ந்தான். தொழிற்சாலையில் இதைவிட நல்ல சம்பளம் கிடைத்தும் போகவில்லை. ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். மீட்டர்காரன் எல்லார் வீட்டுக் கொல்லைக்கும் போகலாம், எல்லார் கராஜையும் எட்டிப் பார்க்கலாம், அதனால்தான்.

அவன் தேடியது மூன்று அடையாளங்களை. வலது பின்சக்கரத்துக்கு மேலே ஒரு குழி. பனியில் சறுக்குப்பலகையோடு வந்து இவனே மோதியது. டாஷ்போர்டில் இரண்டு சின்ன ஓட்டை. வழித்துணைக்கு என்று பெர்னி புனித கிறிஸ்டோபர் பதக்கத்தைத் திருகி வைத்த இடம். முன்இருக்கையில் ஒரு பச்சை ஒட்டு. சிகரெட் சுட்ட இடத்தில் பட்டறைத் துண்டுத்துணியை வைத்து அவள் கையால் தைத்தது. இந்த மூன்றையும் மனசில் வைத்துக்கொண்டு, வேலை நாளில் கராஜ் கராஜாகவும் லீவு நாளில் கார் கண்காட்சி கண்காட்சியாகவும் அலைந்தான். ஐம்பத்தாறு ஷெவ்ரோலே எங்கே இருக்கிறது என்று யார் சொன்னாலும் போய்விடுவான். போன இடத்தில் மற்றக் கார்களையும் பார்ப்பான், கேட்பான், ஞாபகம் வைப்பான். இப்படியே எல்லாம் தெரிந்தவன் ஆகிவிட்டான். அந்த ஒன்று மட்டும் கிடைக்கவில்லை.

நடுவில் கல்யாணமும் நடந்தது. வாண்டா நல்ல பெண். ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் ஏதோ ஒரு ஊர் மைதானத்தில் மடக்கு நாற்காலியில் கழித்துவிட்டு, ஒருநாள், "நீ காரைத் தேடலை ஜிகி. அது வந்து உன்னைக் கூட்டிட்டுப் போகணும்னு உக்காந்திருக்கே. எனக்குக் காத்திருக்கத் தெம்பு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சொன்னது சரிதான். ஆனால் போயிருக்க வேண்டாம்.

ஐம்பத்தாறு ஷெவ்ரோலே என்றால் ஜிகி என்று ஆனபிறகு, எங்கள் பழைய கார் சங்கத்தார் அவன் தொலைபேசி எண்ணைத் தங்கள் இதழில் போட்டுவிட்டார்கள். சந்தேகம் உள்ளவர்கள் கூப்பிடலாம். கண்காட்சிகளில் நடுவராகவும் ஆக்கினார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று வண்டி எப்படி இருந்ததோ அப்படியே இருந்தால் முழு மதிப்பெண். ஒரு திருகாணி மாறியிருந்தாலும் குறையும். ஜிகி ரொம்பக் கண்டிப்பு. என் ராம்ப்ளருக்கு பேட்டரி தப்பு என்று மதிப்பெண் குறைத்து, அதே கையோடு என்னிடமே ஒரு வாய் காப்பி கேட்டவன். பிளாஸ்க்கின் வெறும் மூடியைத்தான் கொடுத்தேன்.

போன வருஷம் ஜூலையில் ஏரிக்கரைப் பூங்காவில் கண்காட்சி. ஜிகி சொல்லச் சொல்ல நான் மதிப்பெண் எழுத வேண்டும், அதுதான் என் வேலை. நல்ல வெயில். சுடச்சுட கியெல்பாசா சாசேஜ் வாட்டும் வாசனை வேறு, எனக்குப் பசி. வரிசையின் கடைசியில் ஒரு ஐம்பத்தாறு ஷெவ்ரோலே நின்றது. மேலே வெள்ளை, கீழே நீலம், கண்ணாடி மாதிரி பளபளப்பு. பக்கத்தில் குள்ளமாக, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்த ஒரு மனிதர். பெயர் கார்டன் டீக். டொலீடோவில் சலவைக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். இதுதான் அவருக்கு முதல் கண்காட்சி. ஜிகியைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"மிஸ்டர் வோய்டாஸ்! நான்தாங்க டீக். ரெண்டு குளிர்காலமா உங்களுக்கு போன் மேல போன் போட்டு உயிரை வாங்கினேனே, அந்த ஆளு. நீங்க சொன்னதை ஒண்ணு விடாம செஞ்சிருக்கேன், பாருங்க!"

"அப்படியா, சந்தோஷம்" என்றான் ஜிகி. அவனை எத்தனையோ பேர் கூப்பிடுவார்கள். முகம் தெரியாது.

வண்டியைச் சுற்றி வந்தோம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. பெயிண்ட் முழு மதிப்பெண், குரோம் முழு மதிப்பெண், இருக்கை முழு மதிப்பெண். டீக்கின் முகம் ஒவ்வொன்றுக்கும் மலர்ந்துகொண்டே போனது. கடைசியாக, எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். டீக் உள்ளே உட்கார்ந்தார். ஜிகி முன்னால் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"முன்விளக்கு."

எரிந்தது.

"வைப்பர்."

அசைந்தது.

"ஹாரன்."

மாடும் வாத்தும் சேர்ந்து கத்தின.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. அந்தச் சத்தத்தை நானும் கேட்டு வளர்ந்தவள். ஜிகியைப் பார்த்தேன். அவன் அசையாமல் நின்றான்.

"இன்னொரு தடவை" என்றான்.

டீக் அடித்தார்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை அடித்துவிட்டு டீக் பயந்துபோய்க் கீழே இறங்கினார். "ஏதாவது தப்பாங்க?"

ஜிகி அவர் பக்கத்தில் வந்தான். "பழைய போட்டோ இருக்குமே, காட்டுங்க" என்றான். அவன் குரல் அவன் குரலாக இல்லை. வண்டியைப் புதுப்பிக்கிற எல்லாரும் முன்னால் எப்படிக் கிடந்தது என்று படம் எடுத்து ஆல்பம் வைத்திருப்பார்கள். அதைக் காட்டாமல் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. டீக்கும் ஆசையாகத் திறந்து காட்டினார். முதல் பக்கத்தில் ஒரு மாட்டுக்கொட்டகை, துரு பிடித்த கார். அடுத்த பக்கத்தில் வலது பின்சக்கரம்; அதற்கு மேலே குழி.

"இந்தக் குழியைத்தாங்க உங்ககிட்ட முதல்ல கேட்டேன். தகட்டையே மாத்துங்கன்னீங்க, மாத்திட்டேன். இதோ பாருங்க, டாஷ்போர்டுல ரெண்டு ஓட்டை. 'கம்பெனி போட்டதில்ல, அடைச்சிடுங்க'ன்னு சொன்னீங்க. அடைச்சாச்சு. தடவிப் பாருங்க, இடமே தெரியாது!"

அடுத்த பக்கத்தில் முன்இருக்கை. கிழிந்த துணி நடுவில் ஒரு உள்ளங்கை அளவு பச்சை. சின்னச் சின்னத் தையல், வரிசையாக, அத்தனை அழகாக.

"இந்த உறை எங்க?" என்று கேட்டான் ஜிகி.

"அதுவா? ஒட்டுப் போட்ட உறை, தூக்கி எறிங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. அன்னிக்கே குப்பையில போட்டுட்டேன்" என்றார் டீக், பெருமையாக.

ஜிகி படத்தின் மேல் ஒரு விரலை வைத்தான். வைத்தபடியே நின்றான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆயுசு முழுக்கத் தேடிய மூன்று அடையாளத்தையும் அவன் வாயாலேயே அழிக்கச் சொல்லியிருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியுமா? குழி இல்லாத பழைய கார் உண்டா? பாதிக் கார்களில் கிறிஸ்டோபர் பதக்கம் இருந்தது, பாதி இருக்கைகளில் ஒட்டு இருந்தது. போனில் கேட்கிறவர் ஒட்டு என்பார். பச்சை என்றா சொல்வார்? ஹாரனைப் பற்றி மட்டும் டீக் கேட்கவில்லை. அது வேலை செய்தது. துருவைச் சுரண்டி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, திரும்ப மாட்டிவிட்டார்.

ஆனால் மதிப்பெண் எழுத வேண்டுமே. பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சுற்றிலும் ஆட்கள். ஆர்வில் வேறு தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றுவிட்டார்.

"என்னய்யா இது, ஜோடி சேராத ஹாரன்? ஒண்ணு வேற வண்டியோடது. மார்க்கைக் குறை, ஜிகி" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சொன்னது சரியாக இருந்தது.

டீக்கின் முகம் விழுந்துவிட்டது. "தப்பா இருந்தா சொல்லிடுங்க, மிஸ்டர் வோய்டாஸ். திங்கக்கிழமையே கழட்டிட்டு சரியானதை மாட்டிடறேன். நீங்க சொன்னா போதும்."

ஜிகி ஆல்பத்தை மூடினான். எல்லோரும் அவன் வாயைப் பார்த்தோம்.

"தப்பில்லை" என்றான். "ஐம்பத்தாறுல கொஞ்ச வண்டிக்கு இப்படித்தான் வந்துது. ரொம்பக் கொஞ்சம். இது கம்பெனி ஹாரன்தான். மாத்தாதீங்க. யார் வந்து என்ன சொன்னாலும் மாத்தாதீங்க. ஹாலினா, முழு மார்க் போடு."

போட்டேன்.

வண்டி நிறுத்தும் இடத்துக்கு நடக்கும்போது நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா, உண்மையைச் சொன்னா என்ன? எங்க அக்கா கார்னு சொல்ல வேண்டியதுதானே? அந்த ஆளு நல்லவரா இருக்காரு."

"நல்லவரா இருக்கறதுதான் பயம்" என்றான். "சொன்னா ராத்திரியே ஹாரனைக் கழட்டி, துடைச்சு, டப்பாவுல போட்டு என் கையில குடுத்துடுவாரு. அதை வச்சு நான் என்ன செய்ய? ஷெல்ஃப்ல வைக்கவா? அது அந்த வண்டிக்குள்ள இருந்து கூப்பிடணும், ஹாலினா. எங்கேயாவது, யாரையாவது கூப்பிட்டுட்டு இருக்கட்டும்."

"வண்டியை விலைக்குக் கேக்கலாமே?"

"அந்த ஆளு முகத்தைப் பார்த்தியா? ரெண்டு குளிர்காலம் அதுக்குள்ளயே கிடந்திருக்காரு. ஒருத்தர் வீட்டு வாசல்ல இருந்து கார் காணாமப் போறதை நான் ஒரு தடவை பார்த்திருக்கேன். போதும்." அப்புறம் என் ராம்ப்ளரில் ஏறி உட்கார்ந்து, வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதான். நான் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனால் மேஜைமேல் பெரிய பெட்டி. சாக்லேட் தடவியது, சர்க்கரை தூவியது, ஜாம் வைத்தது எல்லாம் இருந்தன. பெட்டிக்குப் பின்னால் ஜிகி.

"என்னய்யா விசேஷம்? பிறந்தநாளா?" என்றார் ஆர்வில்.

"சும்மாதான்."

"நீ தப்பு ஒண்ணும் சொல்லலையே, நீ எதுக்கு வாங்கறே?"

"தின்னுய்யா" என்றேன் நான். "ஓசியில கிடைச்சா ஆராய்ச்சி பண்ணாதே."

ஜிகி என்னைப் பார்க்கவில்லை. நானும் ஒரு டோநட்டை எடுத்துக் கடித்தேன்.

அதற்கப்புறம் நடந்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஜிகி வாயிலிருந்து வந்துவிட்டதல்லவா, அது வேதம். ஐம்பத்தாறில் சில வண்டிகளுக்கு விசித்திரமான ஹாரன் வந்தது என்ற செய்தி மிச்சிகன் முழுக்கப் பரவிவிட்டது. ஆகஸ்டில் ஃபிளின்ட்டிலிருந்து வந்த ஒருவர் என்னிடமே அதைக் கேள்வியாகக் கேட்டார். நான் தெரியாது என்றதும் ரொம்ப இளக்காரமாகப் பார்த்தார். நல்ல ஹாரனைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய இரும்புக்கடைகளில் கோணல் ஹாரனைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் அந்தச் சத்தம் அமையவில்லை. எல்லாவற்றுக்கும் மேல் ஆர்வில். "எனக்கு அது அப்பவே தெரியும்யா. எங்க சித்தப்பா வண்டியில அந்த ஹாரன்தான் இருந்துது. ஜிகியைச் சோதிக்கத்தான் அன்னிக்குத் தப்புன்னு சொன்னேன்" என்கிறார். அதற்கு மட்டும் அவரை முப்பது பெட்டி டோநட் வாங்க வைத்திருக்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அக்டோபர் கடைசியில் அந்த வருஷத்துக்கான கடைசிச் சனிக்கிழமை வந்தது. உப்பு கொட்டத் தொடங்கிவிட்டால் பழைய கார்களை வெளியே எடுக்க மாட்டோம். அன்றைக்குக் கூட்டம் அதிகம். டக்கர் காரின் மூன்றாவது முன்விளக்கு ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்புமா திரும்பாதா என்று வழக்கம்போல அடிதடி. எல்லோரும் ஜிகியைப் பார்த்தார்கள்.

"திரும்பும். ஆனா கொஞ்சம் திரும்பினாப் போதாது, ஒரு அளவுக்கு மேல..." என்று அவன் ஆரம்பித்தான்.

வெளியே ஹாரன் அடித்தது. மாடும் வாத்தும்.

டீக் எங்களைப் பார்க்க டொலீடோவிலிருந்து கிளம்பி வந்திருக்கிறார். குளிருக்கு வண்டியை மூடுவதற்குமுன் ஒரு கடைசி ஓட்டம். கண்ணாடிக்கு அப்பால் ஷெவ்ரோலே நின்று புகைவிட்டுக்கொண்டிருந்தது. ஜிகியைக் கையசைத்துக் கூப்பிட்டுவிட்டு இன்னொரு தரம் அடித்தார்.

ஜிகி எழுந்துவிட்டான். பாதி வாக்கியம் வாயில் இருக்க, கை தானாகக் கோட்டை எடுத்தது. தான் எழுந்ததே அவனுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"ஏய், பதிலைச் சொல்லிட்டுப் போய்யா! அளவுக்கு மேல என்ன?" என்று கத்தினார் ஆர்வில்.

ஜிகி எங்களைத் திரும்பிப் பார்த்தான். அறுபதை நெருங்கும் அந்த முகத்தில் அப்படி ஒரு சின்னப் பையனை நான் பார்த்ததில்லை.

"எனக்கு வண்டி வந்துடுச்சு" என்றான்.

கதவைத் திறந்துகொண்டு போனான். ஓடவில்லை. மெதுவாகத்தான் நடந்தான்.